இன்னொரு கை கேட்கும் கடிகாரம்

கைக்கடிகாரத்தைக் கட்டுவது ஒரு கையில்தான். ஆனால் கட்டிவிட இன்னொரு கை வேண்டும், திரையைத் தொடவும் அந்த இன்னொரு கைதான் வேண்டும். சேலத்தில் ஓமலூர் சாலையில் நடந்த பைக் விபத்தில் தோளருகே நரம்புகள் அறுந்து என் வலது கை செயலிழந்தது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் கடிகாரமே கட்டவில்லை.

ஸ்மார்ட் வாட்ச் ஆசை வந்தது வேலையால். சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். செவ்வாய்ப்பேட்டைக்குச் சரக்கும் கொண்டு போவேன். நடுவழியில் போன் அடித்தால் பையைக் கீழே வைத்தால்தான் எடுக்க முடியும். வெள்ளி இருக்கும் பையை யார் தெருவில் வைப்பார்கள்?

ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். விற்பனைப் பையன் இதயத் துடிப்பு, தூக்கம், நூறு வகை முகப்பு என்று காட்டிக்கொண்டே போனான். தொடாமல் எப்படி இயக்குவது என்று கேட்டதும், “வலது கையில் கட்டிக்கொண்டு இடது கையால் தொடுங்களேன் அண்ணா” என்றான். யோசனை தவறில்லை. ஆனால் என் வலது கை தானாக எழாது. திரையைப் பார்க்கவே இடது கையால் அதைத் தூக்க வேண்டும். கை வீசாததால் நடைக் கணக்கும் சரியாக வராது. எல்லாவற்றுக்கும் மேல் அதில் உணர்ச்சி கிடையாது. வார் இறுகித் தோல் புண்ணானாலும் எனக்குத் தெரியாது.

ஆகவே இடது கைதான். விரல் அசைவையே கட்டளையாக எடுத்துக்கொள்ளும் வசதியை ஆப்பிள் வாட்ச் 2021-இல் கொண்டுவந்தது. சாம்சங் கேலக்ஸி வாட்சில் அதுபோன்ற ஒன்று 2023-இல் வந்தது. அந்தக் கடையில் நான் பார்த்த மலிவான வாட்சுகள் எதிலும் இது இல்லை. அன்றாட மின்னணுப் பொருட்கள் எல்லோருக்கும் ஏற்ற வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 42-ஆவது பிரிவில் சொல்கிறது. கடை அலமாரிக்கு அந்தப் பிரிவு இன்னும் வந்து சேரவில்லை. தெரிந்தவர் ஒருவரிடம் பழைய ஆப்பிள் வாட்ச் ஒன்றை வாங்கினேன். ஐபோன் ஏற்கெனவே இருந்ததால் செலவு அத்தோடு நின்றது.

அடுத்த வில்லங்கம் வார். இடது மணிக்கட்டில் இருக்கும் வாரை இடது கையால் எப்படி மாட்டுவது? இழுபடும் வளைய வார் சுலபமாக ஏறியது, ஆனால் தளர்ந்தது. அடிப்பக்க உணரி தோலோடு ஒட்டியிருந்தால்தான் கடிகாரத்துக்கு விரல் அசைவு புரியும். கடைசியில் செவ்வாய்ப்பேட்டையில் பை தைக்கும் ஓர் அண்ணனிடம் போனேன். பழைய வாரின் இரு முனைகளையும் வெட்டி, நடுவில் அகலமான எலாஸ்டிக்கும், இறுக்குவதற்கு ஒரு வெல்க்ரோ நாக்கும், அந்த நாக்கின் நுனியில் ஒரு துணிக் கண்ணியும் வைத்துத் தைத்துக் கொடுத்தார். கையை உள்ளே நுழைத்து, மேசை விளிம்பில் தள்ளி மேலேற்றி, கண்ணியைப் பல்லால் இழுத்து ஒட்டுகிறேன். கூலி 60 ரூபாய். இத்தனை பெரிய நிறுவனங்களுக்குத் தோன்றாதது அவருக்கு ஒரு டீ குடிக்கும் நேரத்தில் தோன்றியது.

கழற்றி மாட்டும்போதெல்லாம் கடிகாரம் கடவு எண் கேட்கும். கொஞ்ச காலம் மூக்கால்தான் அழுத்தினேன். வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ஐபோனைத் திறந்தால் கையிலிருக்கும் கடிகாரமும் திறந்துகொள்ளும்படி அமைக்கலாம் என்று பிறகு தெரிந்தது. இதைத்தான் முதலில் செய்யுங்கள்.

கடிகார அமைப்புகளின் அணுகல்தன்மை (Accessibility) பகுதியில் ‘அசிஸ்டிவ் டச்’ (AssistiveTouch) என்பதற்குள் கை அசைவுகளை (Hand Gestures) இயக்க வேண்டும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒருமுறை சேர்ந்தால் திரையில் அடுத்ததற்குப் போகும், இருமுறை சேர்ந்தால் பின்னால் வரும். முஷ்டியை ஒருமுறை மூடினால் திரையைத் தொட்டதற்குச் சமம். இருமுறை மூடினால் செயல்பட்டியல் விரியும். விரலை அழுத்திச் சேர்க்கத் தேவையில்லை, நிதானம்தான் முக்கியம். அவசரப்பட்டால் இரண்டை ஒன்றாக எண்ணிவிடுகிறது. விரைவுச் செயல்களையும் (Quick Actions) இயக்கிவிட்டால் அழைப்பு வரும்போது இருமுறை விரல் சேர்த்தாலே போதும். இப்போது பையை முழங்கையில் மாட்டிக்கொண்டே எடுத்துவிடுகிறேன். குரல் ஊருக்கே கேட்கும் என்பதால், “அப்புறம் கூப்பிடுகிறேன்” என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

விழுந்தால் கண்டறியும் வசதியையும் மறக்காதீர்கள். உதவிக்கு அழைக்கப் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும், அதற்கும் மறு கைதான். விழுந்தபின் நாம் அசையாமல் கிடந்தால் கடிகாரமே அழைக்கும். 55 வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் இதைத் தாங்களாகத்தான் இயக்க வேண்டும்.

தீராத தொல்லை ஒன்று உண்டு. டவுன் பஸ்ஸில் நின்றபடி கம்பியை விட்டுவிட்டுப் பிடித்தால் அதை முஷ்டி மூடியதாக எடுத்துக்கொண்டு திரை தானாக எதையாவது திறக்கிறது. ஏற்காட்டுப் பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இதே கதை. அதனால் பஸ் ஏறும் முன்பு போனை எடுத்து அந்த வசதியை அணைத்துவிடுகிறேன்.