தீர்மான நோட்டு எங்கே என்று எங்களையே கேட்டார்கள்

கடலூருக்குத் தெற்கே நாலைந்து ஊராட்சிகளில் கிராம சபை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதும், தகவல் உரிமை மனு எழுத ஆட்களைப் பழக்குவதும்தான் எங்கள் டிரஸ்ட்டின் வேலை. மொத்தம் ஒன்பது பேர். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தபோது நிவாரணம் யாருக்கு வந்தது, யாருக்கு விடுபட்டது என்று வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போனோம், அந்தப் பழக்கம் விடாமல் அடுத்த வருடமே டிரஸ்ட்டாகப் பதிவும் செய்துவிட்டோம். இந்த வேலைக்கு நிதி கேட்டு ஒன்றேகால் வருடம் அலைந்த கதை இது. எங்களை மாதிரி சின்னக் குழுக்களிலிருந்து அடிக்கடி போன் வருகிறது, எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை.

முன்பெல்லாம் நாங்கள் எங்கும் விண்ணப்பித்ததே இல்லை. சென்னையில் ஒரு பெரிய தொண்டு நிறுவனம் வெளிநாட்டு நிதி வாங்கி அதில் ஒரு பகுதியை எங்களுக்கு அனுப்பும். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டினோம். 2020 செப்டம்பரில், வெளிநாட்டு நிதி வாங்குவதைக் கட்டுப்படுத்தும் எப்.சி.ஆர்.ஏ. சட்டத்தைத் திருத்தினார்கள், ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றவே கூடாது என்று ஆகிவிட்டது. சரி, நாமே நேரடியாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று பார்த்தால், மூன்று வருடத்தில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் சொந்த வேலையில் செலவழித்திருக்க வேண்டுமாம். எங்கள் மூன்று வருடச் செலவு அதில் பாதிகூட வராது.

அப்புறம் புதுச்சேரியில் இருக்கும் ஒரு நண்பர் ஐ.நா. ஜனநாயக நிதியத்தின் அறிவிப்பை அனுப்பினார். ஐ.நா.வை எப்.சி.ஆர்.ஏ. 'அந்நிய மூலம்' என்று கணக்கில் எடுப்பதில்லை என்பதால் எங்களுக்கு ஒரே சந்தோஷம். விண்ணப்பம் ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில் இருக்க வேண்டும். "பிரெஞ்சு பென்ஷன் வாங்குற பெரியப்பா இருக்காரு, அவரையே எழுதச் சொல்லிடலாம்" என்றார் நண்பர். ஆனால் தொகையைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒரு லட்சம் டாலரில் ஆரம்பித்து மூன்று லட்சம் வரை போகிறது. அவ்வளவு பணத்துக்கு எங்களிடம் வேலையும் இல்லை, கணக்கு எழுத ஆளும் இல்லை. கம்பெனிகள் சமூக வேலைக்கென்று ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணம் கேட்டும் இரண்டு இடம் போனோம். பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டுவீர்களா என்று கேட்டார்கள்.

கடைசியில் பெங்களூரில் ஒரு உள்நாட்டு அறக்கட்டளை, உரிமை சார்ந்த வேலைக்குச் சின்னத் தொகை தருகிறது என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டோம். திட்டத்தை எழுத இரண்டே ராத்திரிதான் ஆனது. முதலில் 'ஜனநாயகத்தை வலுப்படுத்துதல்' என்று ஒரு பக்கம் அளந்திருந்தோம், அதை அடித்துவிட்டு, தமிழ்நாட்டில் 2022லிருந்து வருடத்துக்கு ஆறு கிராம சபை, அந்த ஆறிலும் எத்தனை பெண்கள் வந்தார்கள், எத்தனை பேர் வாய் திறந்தார்கள், எந்தத் தீர்மானம் நோட்டில் ஏறியது, எது ஏறவில்லை என்று எண்ணுவோம், எண்ணியதை அடுத்த கூட்டத்தில் ஊரிடமே வாசித்துக் காட்டுவோம் என்று மட்டும் எழுதினோம். அது அவர்களுக்குப் பிடித்துவிட்டது. சிக்கல் அதற்குப் பிறகுதான்.

ஆவணம் கேட்டார்கள். பான், டிரஸ்ட்டுக்கு வருமான வரி விலக்குத் தரும் 12ஏ, நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி, மூன்று வருட ஆடிட் அறிக்கை, டிரஸ்ட் பத்திரம், கூடவே கடந்த மூன்று வருடக் கூட்டங்களின் தீர்மான நோட்டு. 80ஜி காலாவதியாகி இருந்தது. வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடும் இருவரில் ஒருவர் 2018லேயே இறந்துபோனவர். டிரஸ்ட்டைக் கலைத்தால் மிச்சம் யாருக்குப் போகும் என்று பத்திரத்தில் ஒரு வரி இல்லை, நல்லவேளை திருத்தம் செய்ய வழி வைத்திருந்தோம், ஆனால் ஒன்பது பேரும் கையெழுத்திட வேண்டும், ஒருவர் சிங்கப்பூரில். அவர் பொங்கலுக்கு வரும்வரை காத்திருந்து சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தோம்.

தீர்மான நோட்டு? அது இல்லவே இல்லை. டீக்கடையில் பேசுவோம், முடிவு எடுப்போம், கிளம்பிவிடுவோம். மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, பத்து வருஷமா ஊர் ஊரா போயி தீர்மான நோட்டு எங்க, கூட்டம் செல்லுறதுக்கு வேண்டிய ஆளு, கோரம், இருந்துச்சான்னு கேட்டீங்களே, உங்க நோட்டு எங்க?" எனக்கு முகம் எரிந்தது.

பொருளாளர் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். பழைய நோட்டு ஒன்று வாங்கி, நாலு கலர் பேனாவில், ஒரே ராத்திரியில் மூன்று வருடத்தையும் எழுதிவிடலாம். நிறைய இடங்களில் அப்படித்தான் நடக்கிறது, எனக்கும் தெரியும். ஒரு ஊராட்சியில் இதே வேலையைப் பிடித்து நாங்களே மனு போட்டிருக்கிறோம். அதை நினைவுபடுத்தியதும் அண்ணன் பேச்சை மாற்றிவிட்டார்.

அதற்குப் பதில் ஒரு கூட்டம் போட்டு, இத்தனை வருடம் நோட்டு வைக்கவில்லை என்பதையே முதல் தீர்மானமாக எழுதி, வவுச்சர் இருக்கிற செலவுகளுக்கு ஒப்புதல் கொடுத்து, வவுச்சர் கிடைக்காத 11,400 ரூபாயைத் தனியாகக் காட்டி அனுப்பினோம். இதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். பத்து நாள் கழித்து அந்த அறக்கட்டளையிலிருந்து ஒரு மேடம் கூப்பிட்டு, அந்த 11,400 எதில் போனது என்று மட்டும் கேட்டார். பெண்களைக் கூட்டத்துக்கு அழைத்து வந்த ஷேர் ஆட்டோ வாடகை. ரசீது எவன் தருவான்! பட்ஜெட்டில் அதை ஒரு தனி வரியாகப் போடுங்கள், ஆட்டோக்காரரிடம் ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கினால் போதும் என்றார்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு அவரே நேரில் வந்து, பந்தல் ஓரமாக உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார். முதல் தவணை பொங்கல் கழிந்து கணக்கில் ஏறியது.

இப்போது நோட்டு பொருளாளர் அண்ணன் கடையில் கல்லாப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. பத்திரப்படி எங்களுக்குக் கோரம் ஆறு பேர். வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு இதுவரை நாலு பேர்தான் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், மிச்சப் பேருக்கு இன்று சாயங்காலம் போன் போட வேண்டும்.