வெங்காயம் விற்ற பிறகு தவணை

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

சென்னையில் விமானம் ஏறி ஒன்றரை மணி நேரத்துக்குள் இலங்கையின் யாழ்ப்பாணத்தில், பலாலி விமான நிலையத்தில் இறங்கிவிட்டேன். திண்டிவனத்திலிருந்து சென்னைக்கு வரவே அதைவிட நேரம் பிடித்தது. இங்கே ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் தன் உறுப்பினர்களுக்குக் கடன் கொடுத்து வாங்குகிறது. அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன். நம் சுய உதவிக் குழுக்களைப் பற்றி அவர்களும் கேட்க வேண்டுமாம். இரவு புட்டும் கத்தரிக்காய்ப் பாற்கறியும். சரி, தூக்கம் வருகிறது.

10 பிப்ரவரி, திங்கள்

யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதிச் செம்மண்ணை இன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்குகிறது, அதைக் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் இவ்வளவு வெங்காயமும் விளைகிறது.

கூட்டம் பொதுநோக்கு மண்டபத்தில். செயலாளர் அக்கா பேரேட்டைத் தயங்காமல் என் கையில் கொடுத்தார். மாதச் சந்தா சேர்ந்து முதலாகிறது. ஆறு மாதம் சேமித்தவர் கடன் கேட்கலாம், இரண்டு உறுப்பினர்கள் பிணை. வட்டி சங்கத்துக்கே திரும்பி வருகிறது. இதுவரை நம் ஊர்க் கதைதான். 1989இல் தர்மபுரியில் தொடங்கிய குழுக்களிலிருந்து நமக்கும் இது பழக்கம்.

எனக்குப் புதிதாக இருந்தது தவணை. வெங்காயத்துக்குக் கடன் வாங்கியவர் மாதாமாதம் வட்டி மட்டும் கட்டுகிறார், அசலை வெங்காயம் விற்ற பிறகு கட்டுகிறார். நட்டுப் பிடுங்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை உரம், கூலி, இறைப்பு என்று காசு போய்க்கொண்டே இருக்கும், ஒரு சதமும் வராது. தையல் மெஷின் வாங்கியவருக்கும் கோழி வளர்ப்பவருக்கும் வேறு தவணை. யாருக்கு எப்போது காசு வரும் என்பது அந்த மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். இங்கே புதிர் எடுக்கும் நாள். புது நெல்லரிசிச் சோற்றைப் படைத்துவிட்டு எனக்கும் வாழை இலை போட்டார் ஒரு அம்மா. சங்கத்தின் மூத்த உறுப்பினர். சாப்பிட்ட பிறகு அவராகவே பழைய கடனைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

2009இல் போர் முடிந்த பிறகு நிதி நிறுவனங்கள் வடக்கில் வேகமாக நுழைந்தன. வங்கி கேட்கும் நிலப் பத்திரம் இல்லாதவர்களுக்கு வீட்டு வாசலிலேயே கடன். ஆனால் வாரத்துக்கு ஒரு தவணை. பயிர் மண்ணுக்குள் இருக்கும்போது முதல் தவணை வந்துவிடும். அதைக் கட்ட இன்னொரு நிறுவனம், அதைக் கட்ட மூன்றாவது. வசூலுக்கு வருபவர்களைப் பற்றிச் சொன்னார்: "பின்னேரம் வந்து முற்றத்தில இருப்பினம் பிள்ளை. காசு குடுக்குமட்டும் எழும்பமாட்டினம்." ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதால் பக்கத்து வீட்டோடு பேச்சே நின்றுபோனதாம்.

2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 லட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களை (இப்படிப்பட்ட சிறு கடன்களை) இலங்கை அரசு தள்ளுபடி செய்தது. தவணை தவறி நிலுவையில் நின்ற கடன்களுக்குத்தான் அது. இந்த அம்மாவோ தாலிக்கொடியை அடகு வைத்து ஒழுங்காகக் கட்டிவந்தவர். "கட்டினபடியா எனக்கு ஒண்டுமில்லை" என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. நேர்மையாகக் கட்டியவளைக் கணக்கிலேயே எடுக்காத நிவாரணத்தை எப்படி நிவாரணம் என்று சொல்வது?

குழுப் பிணையைப் பற்றி நாமும் பெருமையாகப் பேசுகிறோம். நிறுவனக் கடனிலும் சங்கக் கடனிலும் பெண்கள்தான் பிணை நிற்கிறார்கள். நிறுவனத்தில் தவறினால் ஆள் வந்து முற்றத்தில் உட்கார்கிறார். சங்கத்தில் தவறினால் இரண்டு பேர் வீட்டுக்குப் போய் என்ன நடந்தது என்று கேட்டு, தவணையைத் தள்ளி எழுதுகிறார்கள். கடன் கொடுத்தது அவர்கள் சேமித்த காசு. அதனால்தான் விசாரிக்கவும் முடிகிறது, பொறுக்கவும் முடிகிறது.

13 பிப்ரவரி, வியாழன்

பனங்கிழங்கு கிண்டும் காலம். முற்றம் முழுக்க ஒடியலும் (பச்சையாகக் காயவைக்கும் கிழங்கு) புழுக்கொடியலும் (அவித்துக் காயவைப்பது) காய்கின்றன. புழுக்கொடியலைத் தேங்காய்ச் சொட்டோடு கடித்துத் தின்னக் கொடுத்தார்கள், பல் வலிமையாக இருக்க வேண்டும்! கிழங்கைக் காயவைத்து மாவாக விற்கும் பெண்களுக்கும் சங்கம் கடன் கொடுக்கிறது. மழைக்கால நடுவில் அவர்களிடம் தவணை கேட்பதில்லை.

கூட்டுறவு இவர்களுக்குப் புதிதில்லை. மூளாயில் மருத்துவமனையையே ஊரார் கூட்டுறவாகத் தொடங்கியிருக்கிறார்கள். கள் இறக்குவோருக்கு 1972இலிருந்து கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. போரும் இடப்பெயர்வும் எத்தனையோ பேரேடுகளை அழித்திருக்கும். அப்படியும் நம்பிச் சேமிக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

ஒரு குறையும் கண்ணில் பட்டது. சங்கத்தின் மூலதனம் சிறியது. திருமணம், மருத்துவம் என்று பெரிய தொகை வேண்டுமென்றால் இன்னும் நிறுவனத்திடமே போக வேண்டியிருக்கிறது. நம் குழுக்களுக்கு 1992இலிருந்து இருக்கும் வங்கி இணைப்பை விளக்கினேன். வங்கி எங்கள் தவணையை ஏற்குமா என்று செயலாளர் உடனே கேட்டார்.

14 பிப்ரவரி, வெள்ளி

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில்: எங்களிடமும் ஏற்பதில்லை. மணிலா (நிலக்கடலை) போடும் பெண்களிடம் மாதத் தவணைதான் கேட்கிறோம், அவர்கள் சீட்டு எடுத்துக் கட்டுகிறார்கள். ஊருக்குப் போனதும் எங்கள் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில் அறுவடைத் தவணையைத் தீர்மானமாக வைக்கப் போகிறேன். முதலில் எங்கள் குழுச் சேமிப்பிலிருந்து கொடுக்கும் உள்கடனுக்கு மட்டும். அப்புறம் அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு வங்கி மேலாளரிடம் போகலாம். செயலாளர் அக்காவிடம் தவணை எழுதும் தாளில் ஒரு பிரதி கேட்டேன், இரண்டு எடுத்துத் தந்தார்.