கையில் தலையோடு நிற்பவர்

கோஸ்டாரிகாவின் சான் ஹோசே தேசிய அருங்காட்சியகம் முன்பு ராணுவக் கோட்டையாக இருந்தது. 1948 உள்நாட்டுப் போரின் குண்டுத் துளைகள் சுவரில் இன்னும் இருக்கின்றன. அதே ஆண்டு ராணுவத்தையே கலைத்துவிட்ட நாடு. அங்கே போய் நான் அதிக நேரம் பார்த்தது என்னவோ, ஐரோப்பியர் வருவதற்கு முன் அந்த மண்ணின் மக்கள் செதுக்கிய போர்வீரர் சிலைகளைத்தான்.

எரிமலைக் கல். இரும்பு உளி கிடையாது. கல்லைக் கல்லாலேயே செதுக்கியிருக்கிறார்கள். ஆடையில்லாத உடம்பு, தரையில் அழுந்தப் பதிந்த பாதம். ஒரு கையில் கோடரி, இன்னொரு கையில் எதிரியின் வெட்டிய தலை. தலையைக் கயிற்றில் கோத்து முதுகில் தொங்கவிட்டவரும் உண்டு. முகத்தில் கோபமே இல்லை, அதுதான் எனக்குக் கொஞ்சம் கலக்கமாக இருந்தது.

இது வெறும் வெற்றிப் பெருமை என்று நினைத்துவிடலாம். பக்கத்தில் இருக்கும் மக்காச்சோளம் அரைக்கும் கல்லைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. விளிம்பு நெடுக, நெருக்கமாக, சின்னச் சின்னத் தலைகள். சோறு அரைபடும் இடத்தில் தலைக்கு என்ன வேலை? தலை விதை மாதிரி. மண்ணுக்குள் போனால் விளைச்சலாகத் திரும்பும் என்ற நம்பிக்கையோடு ஆய்வாளர்கள் இதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

அப்புறம், லிமோன் துறைமுகத்துக்கு ரயில் பாதை போட்ட மைனர் கீத் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் தன் வாழைத் தோட்டத்தில் கிடைத்த இப்படிப்பட்ட சிற்பங்களைச் சேர்த்துக் குவித்தார். அவற்றில் நிறைய நியூயார்க்குக்குப் போய்விட்டன. 2011இல் அங்குள்ள ப்ரூக்ளின் அருங்காட்சியகம் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பியது. மிச்சமும் வரட்டும்.