வீட்டுக்குள் வந்த கக்குவான்

பிப்ரவரி 9
எனக்கு இருமல் தொடங்கி இன்றோடு ஒரு வாரம். காய்ச்சல் இல்லை. மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு, அவ்வளவுதான். ராத்திரி முழுக்கச் சின்னவனைத் தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைப்பது நான்தான். மனைவியும் கொஞ்சம் தூங்க வேண்டுமே.

பிப்ரவரி 15
இருமல் ஆளே மாறிவிட்டது. தொடர்ந்து பத்துப் பதினைந்து இருமல், நடுவில் மூச்சு இழுக்க இடமே கொடுக்காமல். கடைசியில் வாந்தி. "சளி முறியுதுடா" என்று அம்மா முதுகைத் தடவிவிட்டாள். மூத்தவளுக்கும் இரண்டு நாளாக மூக்கு ஒழுகுகிறது.

பிப்ரவரி 19
"வீட்டில் கைக்குழந்தை இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். பிறந்து 36 நாள் என்றதும் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. மூக்கு வழியாக ஒரு மெல்லிய குச்சியை உள்ளே, இன்னும் உள்ளே விட்டு எடுத்தார்கள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

பிப்ரவரி 20
மூக்கில் எடுத்த பிசிஆர் பரிசோதனை பாசிட்டிவ். கக்குவான் இருமலேதான். மூச்சு இழுக்கும்போது 'ஊப்' என்று சத்தம் வரும் என்று படித்திருக்கிறேன், எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை. பெரியவர்கள் பலருக்கு வராதாம்.

ஐந்து நாள் அஸித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், வீட்டில் இருமாதவர்களுக்கும் சேர்த்து. எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் ஒரே வீட்டில் இருந்தால் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்குக்கூடத் தொற்றுமாம். அதுவும் வெறும் சளி மாதிரி இருக்கும் ஆரம்ப நாட்களில்தான் பரவல் உச்சம். நான் தோளில் போட்டுத் தட்டிய நாட்கள்!

இவ்வளவு தாமதமாகச் சாப்பிடும் மாத்திரை என் இருமலைப் பெரிதாகக் குறைக்காது. மற்றவர்களுக்குப் பரவாமல் இருக்கத்தான். ஐந்து நாள் தனி அறை.

பிப்ரவரி 22
அம்மாவும் இருமத் தொடங்கிவிட்டாள். அவள் தடுப்பூசி போட்டது எந்தக் காலத்திலோ. மூத்தவள் எல்லாத் தவணையும் போட்டவள்தான், ஆனால் அந்தச் சக்தி வருடம் போகப்போகக் குறையும். அவளுக்கு லேசாக வந்திருக்கிறது, அதுவரை சரி.

சின்னவன் இருமவில்லை. அதை வைத்து நிம்மதி அடைய முடியாது. இந்த வயதில் இருமலே இல்லாமல் மூச்சு மட்டும் நின்று நின்று வரலாம். உதடு நீலமானாலோ பால் குடிப்பது குறைந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அறை வாசலில் நின்று அவன் வயிறு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கர்ப்பத்தின் ஏழாவது மாதத்தில் மனைவி கக்குவான் தடுப்பூசி போட்டுக்கொள்ளக் கிளம்பியபோது, "இதுவும் வேணுமா?" என்று கேட்டவன் நான். அதிலிருந்துதான் குழந்தைக்குக் கொஞ்சம் காப்பு போயிருக்கும் என்கிறார் டாக்டர். அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பிப்ரவரி 27
சின்னவன் மறுபடி என் தோளில். இருமல் வந்தால் அவனை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே ஓடுகிறேன்.

எனக்கு யாரிடமிருந்து வந்தது? தொற்றியதிலிருந்து வெளியே தெரிய 7 முதல் 10 நாள். பின்னால் எண்ணிப் பார்த்தால், காரில் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து இருமிய நண்பன் ஞாபகத்துக்கு வருகிறான். போன் செய்தேன். "அலர்ஜிப்பா, ஒரு மாசமா இருக்கு" என்றான். பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன்.

மார்ச் 17
வீட்டில் கடைசியாகத் தொற்ற வாய்ப்பிருந்த நாளிலிருந்து 21 நாள் முடிந்தது. சின்னவனுக்கு ஒன்றும் இல்லை. முதல் தவணைத் தடுப்பூசியும் போட்டாயிற்று.

எனக்குச் சிரித்தால் இன்னும் இருமல் வருகிறது. இதற்கு நூறு நாள் இருமல் என்றும் பேர் உண்டு என்று மூத்தவளிடம் தெரியாமல் சொல்லிவிட்டேன். நூறு கட்டம் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். இதுவரை 44 அடித்தாயிற்று.