கேப்சூல் கேட்கப் போய் சுண்டலோடு திரும்பினேன்

மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்தது. 5.7 முதல் 6.4 வரை ப்ரீ-டயாபடீஸ், அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. எடையும் தொப்பையும் கூடியிருந்தன. மாத்திரைக்கு முன் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாம் என்று டாக்டர் என்னை டயட்டீஷியனிடம் அனுப்பினார்.

எடை குறைய நல்ல பாக்டீரியா கேப்சூல் சாப்பிடலாமா என்று அவரிடம் கேட்டேன். பதிலுக்கு 2013இல் வந்த ஓர் ஆய்வைச் சொன்னார். செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கார்டன் குழு செய்தது. ஒருவர் குண்டு, மற்றவர் ஒல்லி என்று இருந்த இரட்டையர்களின் குடல் பாக்டீரியாவை, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். தீனி ஒன்றுதான். ஆனாலும் குண்டானவரின் பாக்டீரியா போன எலிகளுக்குக் கொழுப்பு அதிகம் சேர்ந்தது. இரண்டு வகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டதும், ஒல்லி எலியின் பாக்டீரியா மற்றதன் குடலில் குடியேறி, கொழுப்பு சேர்வதைத் தடுத்தது. எலிகள் ஒன்றின் புழுக்கையை இன்னொன்று தின்னும், அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. ஆனால் கொழுப்பு மிகுந்து காய் பழம் குறைந்த தீனி போட்டபோது அந்தக் குடியேற்றம் பலிக்கவில்லை. கேப்சூல் ஆசை எனக்கு அங்கேயே விட்டுப்போனது.

காய், பயறில் இருக்கும் நார்ச்சத்தை நம் உடம்பால் செரிக்க முடியாது. பெருங்குடல் பாக்டீரியாதான் அதை நொதிக்கவைத்து ப்யூட்டிரேட் போன்ற அமிலங்களாக மாற்றுகிறது. பசியை அடக்கி, இன்சுலின் சுரக்க உதவும் ஜிஎல்பி-1 ஹார்மோனை இந்த அமிலங்கள் தூண்டுகின்றன.

ஆகவே சோறு குறைந்தது. கொள்ளு, தட்டைப்பயறு சுண்டல், வாழைத்தண்டு, கீரை என்று தட்டு மாறியது. ஆரம்பத்தில் வயிற்று உப்புசம் படுத்தி எடுத்தது, சாயங்காலம் வேலையே ஓடாது. இது வரும் என்று டயட்டீஷியன் முன்பே சொல்லியிருந்ததால் விடவில்லை. பயறை இரவே ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது, வாரத்துக்கு ஒரு புது அயிட்டம் மட்டும் சேர்ப்பது, தண்ணீர் நிறையக் குடிப்பது: இவைதான் கைகொடுத்தன. அப்புறம் வயிறு பழகிவிட்டது. எனக்குப் பெரிய நிம்மதி, பதினொரு மணிப் பசி போனதுதான்.

அடுத்த டெஸ்டில் 5.8. தினமும் நடக்கவும் செய்தேன், அதனால் முழுப் பெருமையையும் பாக்டீரியாவுக்கே கொடுக்க மாட்டேன். ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக்கூடும்.