கர்ப்பகால சுகர் டெஸ்ட்: 140-ஆ, 153-ஆ?

கர்ப்பத்தைப் பதிவு செய்து வாங்கும் பிக்மி நம்பர், தடுப்பூசி, முதல் சுகர் டெஸ்ட் எல்லாம் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிக்கலில்லாமல் முடிந்தன. வம்பு வந்தது ஆறாம் மாதத்தில்தான். முதல் டெஸ்ட்டில் ஒன்றும் இல்லையென்றாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி குளுக்கோஸ் குடித்துப் பார்க்க வேண்டும் அல்லவா, அதில்.

ஸ்கேனுக்குக் கொடைக்கானல் போகிற நாளிலேயே அங்கே ஒரு தனியார் லேபில் இதையும் முடித்துவிடலாம் என்று வீட்டில் முடிவு. வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். பூம்பாறைப் பக்கமிருந்து ஒரு வாய் டீகூட இல்லாமல் அந்த வளைவுகளில் பஸ்ஸில் வந்தால் எப்படி இருக்கும் என்று மேல்மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இறங்கியதும் குளிர்ந்த தண்ணீரில் 75 கிராம் குளுக்கோஸைக் கலக்கி நீட்டினார்கள். கால் மணி நேரத்தில் வாந்தி.

“பரவாயில்லம்மா, அப்படியே உட்காருங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுத்துக்கலாம்” என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். எடுக்கக் கூடாது. குடித்த அரை மணிக்குள் வாந்தி வந்தால் அன்றைய டெஸ்ட் செல்லாது, இன்னொரு நாள்தான் செய்ய வேண்டும். அரை மணி தாண்டி வந்தால் தொடரலாம். எங்கள் நர்ஸம்மா இதை முன்பே சொல்லி வைத்திருந்ததால், ரத்தம் கொடுக்க மாட்டேன் என்று எழுந்துவிட்டேன். பணம் திரும்பி வரவில்லை. அடுத்த முறை கழித்துக்கொள்வதாகச் சீட்டு மட்டும் தந்தார்கள், அதுவும் என் வீட்டுக்காரர் குரலை உயர்த்திய பிறகு.

அடுத்த முறை முந்தின நாளே போய் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டேன். குடித்தது வயிற்றில் நின்றது. இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். அளவு 146. பக்கத்தில் ‘153-க்குக் கீழ்’ என்று அச்சாகியிருந்தது. “நார்மல்தான், போங்க.” அத்தை அன்று சாயங்காலமே கேசரி கிண்டிவிட்டார்.

ரிப்போர்ட்டைப் பார்த்த நர்ஸம்மா, “140-க்கு மேல இருக்கே கண்ணு, இதை யாரு நார்மல்னு சொன்னா?” என்றார். இந்த 153 வேறொரு முறைக்கான எண். அதில் வெறும் வயிற்றில் ஒரு தடவை, ஒரு மணி நேரத்தில், இரண்டு மணி நேரத்தில் என்று மூன்று தடவை ரத்தம் எடுக்க வேண்டும். 92, 180, 153 ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகால சர்க்கரை. நம் அரசு மருத்துவமனைகளில் செய்வது ஒரே தடவை எடுக்கிற முறை. அதற்கு 140தான் எல்லை, அதைத் தொட்டாலே சர்க்கரை. எனக்கு எடுத்தது ஒரு தடவை, ஒப்பிட்டது மூன்று தடவைக்கான எண்ணோடு! லேபுக்குப் போன் செய்தால் “கம்ப்யூட்டர்ல அப்படித்தாங்க வருது” என்ற பதில்தான். அச்சடித்ததை நம்பாமல், எத்தனை தடவை ரத்தம் எடுத்தார்கள் என்று பாருங்கள்.

இன்னொன்று தெரிந்ததும் எனக்கு எரிச்சல் அதிகமானது. ஒரு தடவை எடுக்கும் முறைக்கு வெறும் வயிறே தேவையில்லை. கர்ப்பிணிகள் தூரத்திலிருந்து பட்டினியாக வர முடியாது என்பதற்காகவே சென்னை டாக்டர் வி. சேஷையா போன்றவர்கள் கொண்டுவந்த ஏற்பாடு அது. தமிழ்நாட்டில் 2007-லேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்த டெஸ்ட் உண்டு என்று அரசாணை வந்துவிட்டது. இட்லி சாப்பிட்டுவிட்டே போயிருக்கலாம்.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் 146-ஐ அப்படியே எடுத்துக்கொண்டு, இரண்டு வாரம் சாப்பாட்டில் கட்டுப்பாடு என்றார். ‘ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்’ என்கிற அத்தையைச் சமாளிப்பதுதான் பெரிய வேலை. குளிருக்குக் குடிக்கும் டீயில் சர்க்கரை நின்றது. உருளைக்கிழங்கு காய்கறிக் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில்தான் வரும் என்றதை எங்கள் ஊரில் யாரும் நம்பவில்லை. அப்புறம் பார்த்தபோது சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 114. 120-க்குக் கீழ் இருந்ததால் இப்போதைக்கு இன்சுலின் வேண்டாம் என்றார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை முதல் வாயிலிருந்து எண்ண வேண்டும், கை கழுவியதிலிருந்து அல்ல.

பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடி 75 கிராம் குடிக்க வேண்டும், அதற்கு மட்டும் வெறும் வயிறு. அதற்கான எண்களை இப்போதே அட்டையில் எழுதி வாங்கிவிட்டேன்: இரண்டு மணி நேரத்தில் 140-க்குக் கீழ் என்றால் சரி, 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய், நடுவில் நின்றால் கவனம். அன்றைக்கு லேப் பக்கம் போவதாக இல்லை.