ஐந்து தோட்டாவும் நான்கு டப்பா பெல்லட்டும்

நான்காவது டப்பா நேற்று காலியானது. டப்பாவுக்கு 500 பெல்லட், அதாவது ஏர் ரைஃபிளில் போடும் குட்டி ஈயக் குண்டு. ஆக, இந்த ஏர் ரைஃபிளில் இதுவரை 2,000 முறை சுட்டாயிற்று. காலேஜில் என்.சி.சி.யில் இருந்த மூன்று வருஷத்தில் நான் சுட்டது மொத்தமே பதினைந்து.

அங்கே வருஷாந்திர முகாமில் ஒரே ஒரு நாள்தான் சுடும் நாள். .22 ரைஃபிள், 25 கஜம், குப்புறப் படுத்து ஆளுக்கு ஐந்து தோட்டா. யார் எப்படிச் சுட்டான் என்பதைவிட, சுட்டபின் மிஞ்சும் காலித் தோட்டாக் கூடுகளின் கணக்கு சரியாக வருகிறதா என்பதுதான் பெரிய விஷயம். ஒரு தடவை ஒன்று குறைந்தது. முப்பது பேர் வெயிலில் மண்டிபோட்டு மண்ணைத் துழாவினோம். கடைசியில் பார்த்தால், ஒருத்தன் மடித்துவிட்டிருந்த சட்டைக்கைக்குள் இருந்தது. “இதென்ன உங்கப்பன் வீட்டுக் காசாடா?” என்று கத்தினார் ஹவில்தார்.

இப்போது என் காசு. 4.5 மி.மீ. குழல், பெல்லட் பாயும் ஆற்றல் 20 ஜூலுக்குள் என்றால் உரிமம் தேவையில்லை என்பதால் துணிந்து வாங்கினேன். பின்கட்டு அறையிலிருந்து வாசல் பக்கச் சுவர் வரை சரியாகப் பத்து மீட்டர். அட்டைப்பெட்டியில் பழைய வேட்டிகளைத் திணித்து, பின்னால் இரும்புத் தகடு வைத்தேன். நடுவில் யாரும் வராதபடி கதவுகளுக்குத் தாழ்ப்பாள்.

முதல் மூன்று டப்பாவும் உள்நாட்டுச் சரக்கு, டப்பா 250 ரூபாய். அதாவது ஒரு தடவை சுட ஐம்பது பைசா. நாலாவதாக ஆசைப்பட்டு ஜெர்மன் டப்பா வாங்கினேன், 1,300 ரூபாய். போட்டியில் சுடுவது போல 60 சுட்டால் 156 ரூபாய் போய்விடும். அதைத் திறந்த அன்று கை நடுங்கியதற்கு வயது காரணமில்லை.

பெல்லட்டைப் பார்த்திராதவர்களுக்கு: அச்சு அசல் குட்டி உடுக்கை. இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் பாவாடை மாதிரி விரியும். அந்தப் பாவாடை நசுங்கியிருந்தால் குறி தப்பும். அதனால் உள்நாட்டு டப்பாவில் மிச்சமிருந்த நூறை முகம் பார்க்கும் கண்ணாடிமேல் ஒவ்வொன்றாக உருட்டினேன். நல்லது வளைந்து அழகாக ஓடும், நசுங்கினது நொண்டும். 22 நொண்டிகள். பாதி மாலை போயிற்று, வீட்டில் கிடைத்த பார்வையைச் சொல்லவில்லை.

அப்புறம் மணல் மூட்டைமேல் ரைஃபிளை வைத்து ஐந்தைந்தாகச் சுட்டேன். பொறுக்கி எடுக்காத உள்நாட்டுச் சரக்கு ஐந்து ரூபாய் நாணயத்தைத் தாண்டிச் சிதறியது. பொறுக்கி எடுத்தது நாணயத்துக்குள் அடங்கியது. ஜெர்மன், ஒரு ஓரம் கிழிந்த ஒற்றை ஓட்டை. ஆனால் எழுந்து நின்று கையில் பிடித்துச் சுட்டபோது மூன்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை! பந்தய அட்டையில் பத்துப் புள்ளி என்பது அரை மி.மீ. பொட்டு. என் குழல் முனை அதைச் சுற்றிக் கோலம் போடுகிறது; அதற்கு 1,300 ரூபாய் டப்பா எதற்கு?

பெல்லட் போடாமல் வெறுமனே விசையை இழுத்துப் பழகலாமே என்பார்கள். போட்டித் துப்பாக்கிகளில் அதற்கென்றே வசதி உண்டு. என்னுடையது ஸ்பிரிங் ரகம். பெல்லட் இல்லாமல் இழுத்தால் பிஸ்டன் தடுப்பில்லாமல் போய் மோதும், சீக்கிரம் கெட்டுவிடும். ஒவ்வொரு பழக்கத்துக்கும் ஐம்பது பைசா கட்டித்தான் ஆக வேண்டும்.

இன்று காலை பெட்டியைப் பிரித்து நசுங்கிய ஈயத்தையெல்லாம் கையுறை போட்டுப் பொறுக்கினேன். ஒன்று அரை கிராம் வீதம் ஒரு கிலோ. பழைய இரும்புக்காரர் தூக்கிப் பார்த்து, “என்ன சார், மீன் வலையில கட்டுற ஈயமா?” என்றார். அவர் கொடுத்த காசில் அரை டப்பா வாங்கலாம். உள்நாட்டுச் சரக்கில்.